படக்கதையின் போர்க்களம்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில் லிட்டில் இந்தியா என்று இன்று வழங்கும் பகுதி, லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங்கு முதலிய சில தெருக்களுக்குள் அடங்கிவிடும் சிறு நிலப்பரப்பாகும். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கால் வைத்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் தொழிலாளரும் இங்கு வந்து குடியேறினர். லெபோ பாசாரைத் தமிழர் கடைத்தெரு என்றே அழைத்தனர். 1833இல் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது. 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் இத்தீவிலிருந்து ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை நடத்தினார். துணிமூட்டையும் மிளகாய்ச் சாக்கும் இறங்கிய துறைமுகத்தில் அச்சுத்தாளும் சரக்காக இருந்தது என்பதற்கு இது ஒன்றே சான்றாகும்.

சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ‘ரஜூலா’ என்னும் கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடிற்று. அதற்குப்பின் ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் அவ்வழியே வந்து சென்று, 1985இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. இவ்வறுபதாண்டுக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிழமை இதழ்களும் திங்களிதழ்களும் கடல் கடந்து வந்து மலாயாத் தமிழர் கைகளில் தவழ்ந்தன. நாவல், நாடகம், திறனாய்வு முதலியவற்றின் வருகையைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். சிறுவர்க்கென வந்த படக்கதைகளைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. அவற்றை இலக்கியமாகக் கருதாமையே அதற்குக் காரணம். இலக்கியமோ அன்றோ, தமிழ்ச் சிறுவர் பலரைப் பாடநூலுக்கு வெளியே முதன்முதலில் முழுமூச்சாகத் தமிழ் படிக்கச் செய்தவை அவை என்பதை மறுத்தற்கில்லை. அவற்றுள்ளும் சிறுவரை இறுகப் பிடித்தவை வியத்தகு வலிமை வாய்ந்த வீரர்களின் கதைகள். அக்கதைகளுள்ளும் சண்டைக் காட்சிகள்.

இவ்வீரர்களின் தமிழ்ப் பிறப்பிடம் சிவகாசியாகும். அவ்வூர் அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற வரலாறு தீப்பெட்டியில் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு வண்ணச்சீட்டு வேண்டும்; சீட்டுக்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு வளர்ந்த அச்சகங்களே பின்னர் நாட்காட்டியும் வாழ்த்து அட்டையும் அச்சிட்டன. அவ்வூரில்தான் 1972ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எம். சௌந்திரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராகப் பணியாற்றினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’.

அக்கதை இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் வெளிவரத் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் பிறந்தது. தொடக்கத்தில் கென் புல்மரும் பின்னர் டாம் டல்லியும் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். லூயிஸ் கிராண்டேல் என்னும் ஆய்வுக்கூட உதவியாளன் ஒரு விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் அவன் உடலில் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். எஃகுக்கை மட்டும் மறையாது. ஆங்கிலத்தில் அக்கதைக்கு இட்ட பெயர் ‘எஃகு நகம்’ என்னும் பொருளது. அது கருவியைச் சுட்டும் பெயரேயன்றி ஆளைச் சுட்டுவதன்று. தமிழில் அதனை அப்படியே பெயர்த்திருந்தால் பட்டறைப் பொருள் ஒன்றின் பெயர்போல் ஒலித்திருக்கும். மாயாவி என்பதோ தமிழ்ச் சிறுவர் பாட்டியின் கதையில் கேட்ட சொல். நினைத்தவுடன் உருவம் கரப்பவன் மாயாவி. சிவகாசியார் அச்சொல்லின் முன் ‘இரும்புக்கை’ என்பதைச் சேர்த்தனர். ஒரே பெயருக்குள் பட்டறையும் பழங்கதையும் கைகோத்து நின்றன. இலண்டனில் பிறந்தவன் தமிழனானது அந்தப் பெயரிலேதான். அதுபோன்றே லீ பாக் 1936இல் படைத்த முகமூடி வீரன் தமிழில் வேதாளர் ஆனான். விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளத்தைத் தெரிந்த பிள்ளைகளுக்கு ‘சாவில்லாதவன்’ என்று தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாயாவியின் சண்டைக் காட்சி எத்தகையது என்பதை நுணுகி நோக்குதல் தகும். பொதுவாகச் சண்டைப் படத்தில் அடிப்பவனும் அடிபடுபவனும் இருப்பர். மாயாவியின் சண்டையிலோ அடிப்பவன் இல்லை. வெட்டவெளியில் ஒரு கை மிதக்கிறது. எதிரியின் விழி பிதுங்குகிறது, தொப்பி பறக்கிறது, நாற்காலி சரிகிறது. அடித்தவனது உடலைப் படிப்பவனே தன் மனத்தில் வரைந்துகொள்கிறான். ஒவ்வொரு கட்டத்திலும் பாதிப்படம் தாளிலும் மீதிப்படம் படிப்பவன் உள்ளத்திலும் இருக்கின்றன. படக்கதைக் கலைக்கே உரிய இயல்பு இது. ஓங்கிய கை ஒரு கட்டத்தில், விழுந்த ஆள் அடுத்த கட்டத்தில். அடி விழுந்தது இரண்டுக்கும் நடுவேயுள்ள வெள்ளைக் கோட்டில். அவ்வெள்ளைக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவனே படக்கதையைப் படித்தவனாவான். சொல்லெச்சமும் குறிப்பெச்சமும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதியதன்று.

இன்னொன்றும் உண்டு. மாயாவியின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. மின்சாரம் கிட்டாவிடில் அவன் வெறும் ஒற்றைக்கையன். மறைந்த உடல் சிறிது நேரத்தில் மீண்டும் தோன்றிவிடும். ஆகவே மின்கம்பி எங்கே, எவ்வளவு நேரம் எஞ்சியுள்ளது என்னும் இரு கேள்விகளே அச்சண்டைகளின் உயிர். எவராலும் வெல்லவியலாதவன் சண்டையிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் சுவை இல்லை. அதுமட்டுமன்று, தொடக்கக் கதையில் கிராண்டேல் நல்லவனும் அல்லன். மறையும் ஆற்றல் கிடைத்தவுடன் கொள்ளையில் இறங்குகிறான். பின்னரே திருந்தி நிழற்படை என்னும் உளவு அமைப்பின் ஆளாகிறான். சிறுவர் கதைதானே என்று தள்ளுவோர் இத்திருப்பத்தைக் கவனித்தாரில்லை.

ஆங்கில வார இதழில் அக்கதை வாரந்தோறும் இரண்டொரு பக்கங்களாக வெளிவந்தது. வாசகன் அடுத்த வாரமும் காசு கொடுத்து வாங்க வேண்டுமாதலால், ஒவ்வொரு தவணையின் இறுதியிலும் வீரன் ஒரு பேரிடரில் நிறுத்தப்பட்டான். அத்தவணைகளையெல்லாம் சேர்த்துச் சிவகாசியில் ஒரே புத்தகமாக்கியபோது எதிர்பாராத ஒரு விளைவு ஏற்பட்டது. இலண்டன் சிறுவன் வாரக்கணக்கில் காத்திருந்து கண்ட இடர்களைத் தமிழ்ச் சிறுவன் ஒரே அமர்வில், இரண்டொரு பக்கத்துக்கு ஒருமுறை சந்தித்தான். தமிழ்ப் படக்கதைகள் மூச்சுவிட இடந்தராமல் ஓடுகின்றன என்று அக்காலத்தார் வியந்ததற்கும் சிலர் குறை கூறியதற்கும் இதுவே காரணம். அவ்வேகம் திட்டமிட்டு அமைந்ததன்று. தைத்துக் கட்டியதால் வந்த வேகம்.

இனி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்துக்கென வரைந்த பேச்சுக்குமிழியில் தமிழை அடைப்பது எளிதன்று. தமிழ்ச் சொற்கள் நீண்டவை, குமிழியோ சிறியது. ஆயினும் சண்டைக் கட்டங்களில் மட்டும் தமிழ் வியக்கத்தக்கவாறு பொருந்தியது. அதற்குக் காரணம் நம் வினைமுற்று. ‘தப்பினான்’ என்னும் ஒரு சொல்லுக்குள் செய்தவன் யார், ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, நடந்தது எக்காலம் என்பன யாவும் அடங்கியுள்ளன. ‘பிடித்தேன்!’, ‘விழுந்தாயா?’, ‘வருகிறார்கள்!’ என ஒவ்வொரு சொல்லும் முழு வாக்கியமாகும். ஆங்கிலம் இரண்டு மூன்று சொல்லாற் கூறுவதைத் தமிழ் ஒன்றாற் கூறி முடித்துவிடும். தெரிநிலை வினைமுற்றைக் கரும்பலகையில் பட்டியலிட்டுக் கற்பிப்பதற்கு மாறாக, ஒரு சண்டைப் பக்கத்தை விரித்து வைத்து அதிலுள்ள முற்றுகளை எடுத்தெழுதச் சொன்னால் மாணவர் அரைமணி நேரத்தில் அதன் பயனை உணர்வர்.

அக்கதைகளின் உரையாடல் பெரும்பாலும் எழுத்துத் தமிழில் அமைந்தது. அடிபட்டு விழும் கொள்ளையனும் ‘ஐயோ, ஓடுங்கள்!’ என்றே கத்துவான். இதனை நகைப்புக்குரியதாகக் கொள்வாரும் உளர். ஆனால் மதுரையின் வழக்கோ சென்னையின் வழக்கோ அறியாத யாழ்ப்பாணத்துச் சிறுவனும் பினாங்குச் சிறுவனும் அக்குமிழிகளைத் தடையின்றிப் படிக்க முடிந்தது அந்த எழுத்துத் தமிழால்தான். வட்டார வழக்கு நாவலுக்கு அழகூட்டலாம். கடல் கடந்து செல்ல வேண்டிய கதைக்குப் பொதுத்தமிழே பாய்மரம்.

ஒலிச்சொற்களின் நிலை இன்னும் சுவையானது. தொல்காப்பியர் உரிச்சொல்லுக்கு இலக்கணம் கூறுமிடத்தில் இசை, குறிப்பு, பண்பு ஆகிய மூன்றையும் அடிப்படையாக வைக்கிறார். ஓசையைக் குறிக்கும் சொல்லை மொழியின் ஓரத்தில் கிடக்கும் குப்பையாக அவர் கருதவில்லை. இரட்டைக்கிளவிக்கும் தனியிடம் தந்தார். மடமட, படபட, சரசர, நறநற என்றெல்லாம் ஓசையை அடுக்கிக் காட்டும் வளம் தமிழுக்கு இருந்தமையால், துப்பாக்கியும் எஃகுக்கையும் வந்து சேர்ந்தபோது படக்கதை எழுதியோர் தடுமாறவில்லை. டுமீல், டமால், ணங், சதக், கும், சரேல் எனப் புதுச்சொற்கள் பிறந்தன. இவற்றுட் சில இலக்கணத்தோடு நேருக்குநேர் மோதின. டகரமும் ணகரமும் மொழிக்கு முதலில் வாரா என்பது விதி. அவ்விதியைக் காக்கும் பொருட்டு ‘இடுமீல்’ என்று எழுதினால் குண்டு குழலைவிட்டே வெளிப்படாது! ஒலிக்குறிப்பைப் பொதுவிதியினின்று விலக்கி வைப்பதே முறை என்பதை எந்தப் புலவர் அவையும் தீர்மானிக்கவில்லை. சிறுவர் படித்தனர், விலக்குத் தானே நிலைபெற்றது.

அவ்வொலிகளிலும் தரம் உண்டு. ‘கும்’ என்பது மென்தசையில் விழுந்த குத்து. ‘ணங்’ என்பது உலோகத்தில் மோதிய அடி. ‘சதக்’ என்பது கத்தி நுழைந்த ஓசை. மூக்கொலியில் முடிவது அதிர்ந்து நீளும். வல்லினத்தில் முடிவது உடனே அறும். எழுத்துகளின் பிறப்பை நன்னூல் வழியே கற்ற ஒருவர் இதன் காரணத்தை எளிதில் விளக்குவார். எல்லா அடிக்கும் ‘டமால்’ என்று எழுதி முடித்துவிடுபவன் சோம்பேறி.

போரைச் சொல்லாற் காட்டும் கலை தமிழுக்குச் சிவகாசியிலிருந்து வந்ததன்று. புறத்திணைகளை வைத்துப் பழந்தமிழர் போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவைச் சூட்டினர். ஆநிரை கவர்தற்கு வெட்சி, அதனை மீட்டற்குக் கரந்தை, மண்மேற் செல்வதற்கு வஞ்சி, எயில் காத்தற்கு நொச்சி, நேர்நின்று பொருதற்குத் தும்பை, வென்றதற்கு வாகை. இப்பகுப்பு முழுவதையும் ஒரு சண்டைக்காட்சியின் படிநிலைகளாகவே கொள்ளலாம். தும்பை அவற்றுள் ஒன்றே. பொருதுதல் என்பது போரின் ஒரு பகுதி மட்டுமே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இதனை இன்னும் தெளிவாக்கும். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் குலோத்துங்கன் ஆணைப்படி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேற் சென்ற போரைப் பாடுவது அந்நூல். அறுநூற்றுக்குச் சற்றுக் குறைந்த தாழிசைகளைக் கொண்டது. அவற்றுள் ‘போர் பாடியது’ என்னும் பகுதி நூலின் இறுதியை ஒட்டியே வருகிறது. அதற்குமுன் கடைதிறப்பு, பாலைநிலம், காளி கோயில், பேய்களின் பசி என நீண்டு செல்கிறது. பேய்கள் பசித்திருக்கின்றன, போர் வந்தால்தான் அவற்றுக்குக் கூழ். ஆகவே போரை எதிர்பார்த்து ஏங்கும் கூட்டம் ஒன்றைப் புலவர் முதலிலேயே நம்முன் அமர்த்திவிட்டார். போரைக் கூறுவதும் புலவர் அல்லர். களத்தைக் கண்டுவந்த பேய் காளிக்குக் கூறுகிறது. அடியின் வேகத்தைச் சந்தம் சுமக்கிறது. வாளோசைக்கு ஒரு நடை, யானையின் வீழ்ச்சிக்கு வேறொரு நடை. படக்கதை எழுதுவோர் கட்டங்களைச் சிறிதும் பெரிதுமாக அமைத்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பதைச் சயங்கொண்டார் சீர்களைக்கொண்டு செய்தார். சண்டையை எழுத விரும்புவோன் முதலில் எழுத வேண்டுவது சண்டைக்காகக் காத்திருப்பவர்களை. இப்பாடத்தைப் பரணியைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் நூல் வேறில்லை.

முத்துவின் வெற்றிக்குப்பின் 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தின் ‘ராணி காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். லயனின் வழியாகத் தமிழுக்கு வந்த ஸ்பைடர் என்னும் வீரனின் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1938இல் சூப்பர்மேனை உலகுக்கு அளித்த இருவருள் ஒருவர் ஜெர்ரி சீகல். மற்றவர் ஓவியர் ஜோ சஸ்டர். தாம் படைத்த வீரனின் உரிமையை அற்பத் தொகைக்குப் பதிப்பகத்தாரிடம் இழந்த சீகல், பிற்காலத்தில் ஆங்கிலேய வார இதழ் ஒன்றுக்குக் கதை எழுதினார். அவ்விதழின் பெயரும் ‘லயன்’ என்பதே. 1965இல் டெட் கோவன் எழுத ரெக் பன் வரையத் தொடங்கிய ஸ்பைடர் கதையைச் சீகல் ஏற்று நடத்தினார். குற்றவுலகின் மன்னனாக விரும்பி, பின்னர்க் குற்றவாளிகளையே ஒடுக்கும் அவ்வீரன், சூப்பர்மேனைப் படைத்த அதே எழுதுகோலிலிருந்து வந்தவன் என்பதை அறியாமலேயே தமிழ்ச் சிறுவர் அவனைப் பின்தொடர்ந்தனர்.

பெற்றோரும் ஆசிரியரும் இவ்விதழ்களை வரவேற்றதில்லை. மேசையறையிலிருந்து பறித்துக் கிழித்தெறிந்த ஆசிரியர்கள் ஏராளம். சண்டைப் படம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது அவர்களது அச்சம். அவ்வச்சம் தமிழர்க்கே உரியதன்று. அமெரிக்காவில் 1954இல் பிரெடரிக் வெர்த்தம் என்னும் மனநோய் மருத்துவர் படக்கதைகளைச் சாடி நூல் எழுத, அவ்வாண்டே பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதியை வகுத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் 1955இல் சட்டமே இயற்றப்பட்டது. அச்சட்டத்துக்குப்பின் எழுந்தவையே மாயாவியும் ஸ்பைடரும். ஆகவே சிவகாசிக்கு வந்த சண்டைகள் இலண்டனிலேயே சல்லடையில் சலிக்கப்பட்டவை. குத்து உண்டு, குருதி அரிது. தமிழாசிரியர் பறித்துக் கிழித்த தாளில் இருந்த வன்முறை, அவரே வகுப்பில் நடத்திய பரணியின் கூழடுகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. இதனைக் கூறுவது அவ்வாசிரியர்களைப் பழிப்பதற்கன்று. அவர்கள் காக்க விரும்பியது தமிழ் படிக்கும் பழக்கத்தை. ஆனால் அப்பழக்கம் அவர்கள் கையிலிருந்த அத்தாளிலேயே வளர்ந்துகொண்டிருந்தது.

மொழிபெயர்த்த வீரர்கள் இத்துணைப் பேர் இருக்க, தமிழிலேயே பிறந்த வீரன் எங்கே என்னும் வினா எழுவது இயல்பு. 1947இல் தோன்றிய ‘அம்புலிமாமா’ பழங்கதைகளுக்குப் படம் தந்தது. வாண்டுமாமா என்னும் புனைபெயரால் அறியப்பட்ட வி. கிருஷ்ணமூர்த்தி சிறுவர்க்கெனப் பல்லாண்டு உழைத்துப் படக்கதைகளும் படைத்தார். ஆயினும் முகமூடியும் பெயரும் ஆற்றலும் பகைவனும் ஆகிய நான்கும் ஒருங்கமைந்து, தலைமுறை கடந்து நின்ற மாயாவிக்கு ஈடான தமிழ் வீரன் ஒருவனைக் காட்டுதல் அரிது. மொழிபெயர்ப்பு மலிவு, படம் ஆயத்தமாக வந்துவிடும். சொந்தப் படைப்புக்கோ ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் மாதக்கணக்கில் கூலி தர வேண்டும். வணிகக் கணக்கு வீரனை வெல்வது புதிதன்று. 2012இல் சிவகாசி இதழ்கள் வண்ணத்தாளும் உயர்ந்த விலையுமாக மீண்டும் எழுந்தபோது வாங்கியவர்களுள் மிகப்பலர் பழைய சிறுவர்களாகிய நடுவயதினரே. 2023இல் வெளிவந்த ‘மாவீரன்’ திரைப்படத்தில் தமிழ் நாளிதழுக்குப் படக்கதை வரையும் ஓர் இளைஞன், தான் வரைந்த வீரனைப்போல் வாழ நேர்கிறது. அந்த வீரனும் திரையில் மட்டுமே பிறந்தவன். அவனுக்கெனக் கடையில் ஓர் இதழ் இருந்ததில்லை.

மலேசியாவின் நிலை வேறு. 1978இல் ‘கிலா கிலா’ என்னும் மலாய் நகைச்சுவை இதழ் தோன்றியது. 1979இல் லாட் வரைந்த ‘கம்போங் பாய்’ ஒரு சிற்றூர்ச் சிறுவனின் வாழ்வை உலகெங்கும் கொண்டு சென்றது. 1998இல் தொலைக்காட்சியில் தோன்றிய ‘கெலுவாங் மேன்’ வௌவால் உருவில் மலாய் பேசும் வீரனாக இந்நாட்டுப் பிள்ளைகளின் நெஞ்சில் அமர்ந்தான். 2025இல் அவன் திரைப்பட நாயகனாகவும் மீண்டு வந்தான். பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் இவ்வீரர்களை நன்கறிவர்; ஆங்கில வீரர்களையும் அறிவர். அவர்களது கற்பனையில் வீரம் பேசும் மொழி மலாயாகவோ ஆங்கிலமாகவோ இருக்கிறது. தமிழ் தேர்வுத்தாளில் நிற்கிறது. பிள்ளை தன் விருப்பத்தால் எம்மொழியில் கனவு காண்கிறதோ அம்மொழியே அதற்கு உயிர்மொழி என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தாளுக்குக் கூலி, அச்சுக்குக் கூலி, கப்பலுக்குக் கூலி என்னும் தடைகள் இன்று பெரிதும் நீங்கிவிட்டன. இணையப் படக்கதை என்னும் புதுவடிவம் தோன்றியுள்ளது. கொரிய நாட்டின் நேவர் நிறுவனம் 2004இல் தொடங்கிய படக்கதைத் தளம், பக்கம் புரட்டும் முறையை விடுத்துக் கைப்பேசித் திரையில் மேலிருந்து கீழாக இழுத்துப் படிக்கும் முறையைப் பரப்பியது. தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றும் முயற்சியிலும் இந்நாடு பின்தங்கியதன்று. முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள் மலேசியாவிலேதான் பிறந்தது. கருவி இருக்கிறது. பள்ளிப் பிள்ளை ஒன்று வரைந்த வீரன் அன்று மாலையே சிவகாசியிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கப்படலாம்.

ஆனால் நீள்திரை சண்டையின் இலக்கணத்தை மாற்றிவிடுகிறது. பக்கத்தில் ஆறு கட்டங்களும் ஒருசேரக் கண்ணில் படும். படிப்பவன் முடிவை ஓரக்கண்ணால் முன்னரே பார்த்துவிடுவான். திரையிலோ அடுத்த கட்டம் விரலுக்குக் கீழே மறைந்திருக்கிறது. ஓங்கிய கைக்கும் விழும் அடிக்கும் இடையே வெறும் வெளியை ஒரு சாண் நீளம் விட்டால், விரல் நகரும் நேரமெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். முன்பு இரண்டு கட்டங்களுக்கு நடுவே நூலளவாக இருந்த வெள்ளைக் கோடு இப்போது எழுதுவோன் விரும்பியவாறு நீட்டிக்கொள்ளும் காலமாகிவிட்டது. உயரத்திலிருந்து வீழ்தல், கிணற்றில் இறங்குதல், கோபுரம் ஏறுதல் ஆகியன திரையில் சிறக்கும். இருவர் பக்கவாட்டில் நின்று பொருதுவது, குறுகிய திரையில் நெருக்கடியாகத் தோன்றும். தெருவை அகலமாகக் காட்டும் படமும் அவ்வாறே. ஒலிச்சொல்லும் தட்டச்செழுத்தாக இருந்தால் சாரமற்றுப்போம். அதனைப் படத்தின் உறுப்பாகவே வரைய வேண்டும். தமிழ் எழுத்து வளைவுகள் நிறைந்தது. ‘டமால்’ எனப் பருத்து வெடிப்பதற்கு அவ்வளைவு துணைபுரியும். ‘ணங்’ எனக் கூர்மையாகத் தெறிப்பதற்கு ஓவியன் எழுத்தின் சுழியை உடைத்தே ஆக வேண்டும்.

அத்தகைய வீரன் ஒருவன் லிட்டில் இந்தியாவில் தோன்றினால் அவன் போர்க்களம் எதுவாக இருக்கும்? அமெரிக்க வீரர்கள் வானளாவிய கட்டடங்களுக்கிடையே தாவுகின்றனர். ஜார்ஜ்டவுனின் பழந்தெருக்களில் அத்தகைய உயரம் இல்லை. ஈரடுக்குக் கடைவீடுகளே உள்ளன. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற அவ்வீடுகளின் முகப்பில் காக்கி லீமா என்னும் ஐந்தடி நடைபாதை ஓடுகிறது. 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்காக வகுத்த விதியிலிருந்து நீரிணைக் குடியேற்றங்களெங்கும் பரவிய அமைப்பு அது. தூணுக்குத் தூண் ஒரு வளைவு. வளைவுக்கு வளைவு ஒரு காட்சி. ஒன்றில் பூமாலை தொங்குகிறது, அடுத்ததில் சேலை, அதற்கடுத்ததில் பித்தளைக் குத்துவிளக்கு. தெருவில் நின்று நோக்குவார்க்கு அவை ஒரு படக்கதைப் பக்கத்தின் கட்டங்களைப் போலவே தோன்றும். ஒருவன் அந்நடைபாதையில் ஓடினால் தூணுக்குப்பின் மறைந்து மறைந்து வெளிப்படுவான். மாயாவிக்கு மின்சாரம் செய்ததை இங்குத் தூண்களே செய்துவிடும்.

அந்நடைபாதைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது கடைக்கும் உரியதன்று, தெருவுக்கும் உரியதன்று. கம்பர் தம் இராமாயணத்தில் வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைச் சேர்த்தார். உள்ளேயும் சாகான், வெளியேயும் சாகான், பகலிலும் இரவிலும் சாகான் என்று வரம் பெற்றவனை அந்திப்பொழுதில் வாயிலில் வைத்து நரசிங்கம் முடித்தது. வலிமைக்கு எல்லை வகுத்து, அவ்வெல்லையின் மயிரிழை இடுக்கில் சண்டையை நிகழ்த்தும் கலையில் அதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தமிழில் இல்லை. லெபோ பாசாரில் அந்தி சாயும் வேளையில், கடைக்காரர் ஒருவர் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்க, உள்ளும் அன்றிப் புறமும் அன்றி நிற்கும் அவ்வைந்தடி நிலத்தில் தூணுக்குப்பின் ஒருவன் மூச்சடக்கி நிற்கிறான். அடுத்த தூண்வரை மூன்று எட்டு. அதற்குப்பின் அவன் பகைவன்.